ராத்திரி ரெண்டு மணிக்கு லைசென்ஸ் படிச்ச கதை

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆணி ஜாஸ்தின்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆனா நிஜக் காரணம் வேற, அதைத்தான் இன்னிக்குப் பதிவா போடறேன். கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு உக்காருங்க.

டிஸ்கி: மென்பொருள் மேட்டர்தான். ஆனா துறை சாராதவங்களுக்கும் புரியற மாதிரி எழுதப் பாக்கறேன். புரியலைன்னா பின்னூட்டத்துல திட்டுங்க.

போன பிப்ரவரி 9-ம் தேதி ராத்திரி. வெளிய பனி கொட்டுது. புளிசாதத்தை மைக்ரோவேவ்ல வச்சுட்டு மெயிலைத் திறந்தா ஒரு நிறுவனத்துகிட்ட இருந்து கடிதம். பேர் வேண்டாம். என் முதுகலை ஆய்வு முழுக்க அவங்க மென்பொருள்லதான் ஓடிட்டிருந்தது. காத்தாலை இறக்கை மேல காத்து எப்படிப் போகுதுன்னு கணக்குப் போட்டுப் பாக்கற வேலை. மொத்தம் 14 கேஸ், 8 மாச உழைப்பு, 340 ஜிபி.

கடிதத்துல இருந்தது இவ்வளவுதான்: கல்விக்கான இலவச லைசென்ஸோட விதிமுறை மாறுது. தொழிற்சாலையோட சேர்ந்து செய்யற ஆய்வுக்கு இனிமே அது செல்லாது. உங்க ஆய்வகத்தோட லைசென்ஸ் இந்த மாசம் 28-ம் தேதியோட முடியுது. தொடரணும்னா விலைப்பட்டியலைப் பாருங்க.

ஜெர்மனியில எங்க மாதிரி பொறியியல் பசங்க பாதிப்பேர் ஆய்வை ஏதாவது கம்பெனியோட சேர்ந்துதான் பண்ணுவோம். நானும் அப்படித்தான். விலைப்பட்டியலைப் பாத்தேன். என் ஒரு வருஷ வாடகையை விட அதிகம். அதை விடுங்க, பெரிய குண்டு வேற இடத்துல இருந்தது. அந்த மென்பொருள் சேமிக்கிற கோப்பு அதோட சொந்த வடிவம். வேற எதுலயும் திறக்காது. அதாவது மார்ச் 1-ம் தேதி காலையில 340 ஜிபியும் என் கைல இருக்கும், ஆனா உள்ள என்ன இருக்குன்னு பாக்க முடியாது.

ஆய்வேடு தள்ளிப் போனா இன்னொரு செமஸ்டர். இன்னொரு செமஸ்டர்னா விசா நீட்டிப்பு, அதுக்கு வங்கிக் கணக்குல காட்ட வேண்டிய பணம். ஊர்ல கல்விக் கடனுக்கு அப்பா கையெழுத்துப் போட்டிருக்கார். புளிசாதம் இறங்கலை.

இங்க எனக்குப் பழக்கமான யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர் இருக்கார். தொண்ணூறுகள்ல வந்தவர், மென்பொருள் எழுதறதுதான் தொழில். ராத்திரி பதினோரு மணின்னும் பாக்காம அவருக்குப் போன் அடிச்சேன். முழுக்கக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, உந்த லைசென்ஸை நீர் வாசிச்சனீரோ?"

"இல்லண்ணா. 'ஏற்கிறேன்'னு அழுத்திட்டேன்."

"எல்லாரும் அதைத்தான் செய்யிறது. இப்ப முழுசா வாசியும். வாசிச்சுப்போட்டு நாளைக்கு எடும்."

வாசிச்சேன். ராத்திரி ரெண்டு மணி ஆச்சு. 31 பக்கம். அதுல நிறுவனம் விரும்பினா எப்ப வேணா விதிமுறையை மாத்தலாம்னு ஒரு வரி. உள்கட்டமைப்பை ஆராயக் கூடாதுன்னு ஒரு வரி. போட்டி மென்பொருள் செய்யறதுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு இன்னொரு வரி. இந்தக் கடைசி வரியைப் படிச்சப்ப எனக்கு எங்கயோ கேட்ட மாதிரி இருந்தது. மறுநாள் அண்ணன்கிட்ட சொன்னதும் சிரிச்சார். "உது பிட்கீப்பர் கதையெல்லோ" அப்படின்னார்.

கிட் இல்லாம இன்னிக்கு யாரும் நிரல் எழுதறதில்லை. ஆனா அது ஒரு லைசென்ஸ் சண்டையில பொறந்த பிள்ளைன்னு என் வகுப்புல பாதிப்பேருக்குத் தெரியலை. அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

லினக்ஸ் கெர்னலுக்கு உலகம் முழுக்க இருந்து ஆளுங்க திருத்தம் அனுப்புவாங்க. 2002 வரைக்கும் லினஸ் டோர்வால்ட்ஸ் அதையெல்லாம் மெயில்ல வாங்கி, தானே கையால சேர்த்துக்கிட்டிருந்தார். வேலை பெருகப் பெருக நிறைய திருத்தம் காணாமப் போகும், அனுப்பினவன் திரும்பத் திரும்ப அனுப்பணும். அப்ப இருந்த இலவசக் கருவிகள் அவருக்குப் பிடிக்கலை. லாரி மெக்வாய்னு ஒருத்தர், பிட்மூவர்ங்கற நிறுவனத்தை நடத்தினவர், தன்னோட பிட்கீப்பரைக் கெர்னல் ஆளுங்களுக்கு இலவசமா குடுத்தார். ஒரு மைய சர்வரை நம்பாம, ஆளுக்கு ஒரு முழுப் பிரதி வச்சுக்கிட்டு வேலை பாக்கற கருவி. 2002-ல லினஸ் அதுக்கு மாறினார். வேலை வேகம் பிடிச்சது. இதை மறைக்கக் கூடாது, கருவி நல்ல கருவிதான்.

ஆனா இலவசத்துக்கு ஒரு விலை இருந்தது. பிட்கீப்பரை இலவசமா பயன்படுத்தறவன் அதுக்குப் போட்டியான கருவி எதுலயும் வேலை செய்யக் கூடாது. பயன்படுத்தற காலத்துல மட்டுமில்ல, விட்டதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கும். உங்க வீட்டுல சும்மா தங்க விடறேன், ஆனா நீ வேற எங்கயும் கொத்தனார் வேலைக்குப் போகக் கூடாதுங்கற மாதிரி. ரிச்சர்ட் ஸ்டால்மன் ஆரம்பத்துல இருந்தே வேண்டாம்னு சொல்லிட்டிருந்தார். அலன் காக்ஸ் மாதிரி சில கெர்னல் பெருந்தலைங்க அதைத் தொடவே இல்லை. லினஸ் கேக்கலை. எது நல்லா வேலை செய்யுதோ அதுதான் எனக்கு வேணும்ங்கறது அவர் நிலை. நானும் பிப்ரவரி 9 வரைக்கும் அந்தக் கட்சிதான்.

2005-ல வந்தது வினை. சாம்பாவை எழுதின ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பிட்கீப்பர் சர்வரோட பேசற ஒரு கட்டற்ற கருவியை எழுத ஆரம்பிச்சார். இதுல பாருங்க, அப்ப லினஸும் டிரிட்ஜெல்லும் ஓஎஸ்டிஎல்ங்கற ஒரே அமைப்புகிட்டதான் சம்பளம் வாங்கிட்டிருந்தாங்க. மெக்வாய்க்குக் கோபம். லைசென்ஸை மீறி உள்கட்டமைப்பை ஆராய்ஞ்சுட்டார்னு குற்றச்சாட்டு. டிரிட்ஜெல் சொன்ன பதில் எளிமையானது: நான் பிட்கீப்பரைப் பயன்படுத்தவே இல்லை, அதனால அந்த லைசென்ஸை ஏத்துக்கவும் இல்லை.

அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சார்? அந்த ஏப்ரல்ல கான்பெராவுல நடந்த லினக்ஸ் மாநாட்டு மேடையில அவரே செஞ்சு காட்டினார். டெல்நெட் வழியா பிட்கீப்பர் சர்வரோட இணைஞ்சார். "ஹெல்ப்"னு தட்டினார். சர்வரே தனக்குத் தெரிஞ்ச கட்டளைகளையெல்லாம் வரிசையா எடுத்து நீட்டுச்சு. அவ்வளவுதான் மந்திரம்! இதைப் படிச்சுட்டு நான் வாய்விட்டுச் சிரிச்சேன். பக்கத்து அறை சீனப் பையன் எட்டிப் பாத்துட்டுப் போனான்.

பிட்மூவர் இலவசப் பதிப்பை நிறுத்தறதா 2005 ஏப்ரல்ல அறிவிச்சுது. லினஸுக்கு டிரிட்ஜெல் மேலயும் கடுப்பு, வெளிப்படையாவே பேசினார். ஆனா கடுப்புல உக்காந்திருக்கலை. ஏப்ரல் 3-ம் தேதி புதுசா எழுத ஆரம்பிச்சார். 7-ம் தேதி கிட் தன்னோட நிரலைத் தானே சேமிச்சு வச்சுக்கற நிலைக்கு வந்துருச்சு. நாலே நாள். ஜூன்ல வெளிவந்த 2.6.12 கெர்னல், கிட் வச்சு வெளியிட்ட முதல் கெர்னல். ஜூலையில பராமரிப்பை ஜூனியோ ஹமானோகிட்ட குடுத்துட்டு லினஸ் தன் வேலைக்குத் திரும்பிட்டார். அதே ஏப்ரல்ல, அதே காரணத்துக்காக, மாட் மக்கால் மெர்குரியலை எழுத ஆரம்பிச்சார். ஒரு லைசென்ஸைப் பிடுங்கினதுல ரெண்டு கருவி பொறந்தது.

பிட்கீப்பர் என்ன ஆச்சு? 2016-ல அதுவே அப்பாச்சி லைசென்ஸ்ல திறமூலமா வந்துச்சு. அதுக்குள்ள யாரும் திரும்பிப் பாக்கற நிலைமை இல்லை. மெக்வாய் மேல எனக்குக் கொஞ்சம் பரிதாபம்கூட உண்டு. நல்ல சாமான் செஞ்ச மனுஷன்.

ஒரு சின்ன விவரம் என்னை ரொம்பத் தொந்தரவு பண்ணுச்சு. லினஸோட கிட் களஞ்சியத்துல முதல் பதிவு 2.6.12-ஆர்சி2. அதுக்கு முந்தின மூணு வருஷ வரலாறு அதுல இல்லை. பின்னாடி வேற ஆளுங்க அதைத் தனிக் களஞ்சியமா சேர்த்து வச்சாங்க. ஆனா முதன்மைக் களஞ்சியத்துல இன்னிக்கும் அது அங்கதான் ஆரம்பிக்குது. எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் மாறும்போது ஏதோ ஒண்ணை வாசல்லயே விட்டுட்டுத்தான் வர வேண்டியிருக்கு. என்கிட்ட இருந்த 14 கேஸ்ல எதை விடப் போறேன்?

நான் லினஸ் இல்லை. நாலு நாள்ல எனக்கு ஒரு மெஷ்கூட ஒழுங்கா வராது. ஆனா கைல 19 நாள் இருந்தது, லைசென்ஸும் அதுவரைக்கும் உயிரோட இருந்தது.

முதல்ல சட்டம். கோப்பு வடிவத்தை நானே ஆராய்ஞ்சு படிக்கிற நிரல் எழுதினா குத்தமா? பல்கலையில சட்ட ஆலோசனைக்கு ஒரு அலுவலகம் இருக்கு. அங்க இருந்த அம்மா பொறுமையா விளக்கினாங்க. ஐரோப்பிய ஒன்றியத்தோட 2009 மென்பொருள் நெறிமுறைப்படி, முறையா வாங்கின மென்பொருளை ஓட்டி, அது எப்படி வேலை செய்யுதுன்னு கவனிச்சு, சோதிச்சுப் பாக்கற உரிமையை எந்த ஒப்பந்தமும் பறிக்க முடியாது. இன்னொரு மென்பொருளோட ஒத்துப் போறதுக்காக உள்ள பிரிச்சுப் பாக்கறதுக்கும் வழி உண்டு, ஆனா நிபந்தனைகள் கடுமை. அப்புறம் எஸ்ஏஎஸ் நிறுவனம் வேர்ல்ட் புரோகிராமிங் மேல போட்ட வழக்குல 2012 மே 2-ம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: ஒரு நிரல் செய்யற வேலைக்கோ, அது பயன்படுத்தற தரவுக் கோப்பு வடிவத்துக்கோ, நிரலுக்கான பதிப்புரிமை கிடையாது. எழுதின நிரலுக்குத்தான் உண்டு.

அதாவது 31 பக்கத்துல போட்டிருக்கறது எல்லாமே அப்படியே செல்லுபடி ஆகும்னு இல்லை. இதை இந்தியாவுல இருந்தோ அமெரிக்காவுல இருந்தோ படிக்கிறவங்க அப்படியே எடுத்துக்காதீங்க, ஊருக்கு ஊர் சட்டம் வேற. கடைசியில நான் பிரிச்சுப் பாக்கற வழிக்குப் போகலை. பயம்தான் காரணம். விசாவுல இருக்கறவன் துணிச்சல் ஒரு அளவுக்குத்தான்.

மென்பொருளுக்குள்ளயே வெறும் எண்களா வெளிய எழுதற வசதி ஒண்ணு இருந்தது. ஆமை வேகம். ஒரு நேரப்படியா எழுதும். நான் ஒரு சின்ன நிரல் எழுதி அதைத் தானா ஓட விட்டேன். ஒரு கேஸுக்கு 30 மணி நேரம். 14 கேஸுக்கு 420 மணி, அதாவது பதினேழரை நாள். கைல 19. சரியா முடிஞ்சிரும்னு நினைச்சேன். மூணாவது நாள் கணினிக் கூடத்துல பராமரிப்புன்னு ரெண்டு நாள் மூடிட்டாங்க. அறிவிப்பு ஒரு மாசமா கதவுல ஒட்டியிருந்ததாம். அதையும் நான் வாசிக்கலை. வாசிக்காம விடறதுல நான் ஒரு தொடர் எழுதலாம்.

28-ம் தேதி ராத்திரி 13 கேஸ் வெளிய வந்துருச்சு. பதினாலாவது பாதியில நின்னு போச்சு.

அந்த 19 நாள் காத்திருப்புல நிறைய படிச்சேன். என் கதையில இருந்தது மூடின மென்பொருள். திறமூலமா இருந்தா இந்தப் பிரச்சினை வராதுன்னுதான் நானும் நினைச்சேன். அப்படி இல்லைன்னு கடந்த சில வருஷத்துச் சண்டைகள் சொல்லுது. மோங்கோடிபி 2018-ல லைசென்ஸை மாத்துச்சு. 2021-ல எலாஸ்டிக்சர்ச். 2023 ஆகஸ்ட்ல ஹாஷிகார்ப் தன்னோட டெராஃபார்மை மாத்துச்சு, அடுத்த மாசமே லினக்ஸ் ஃபவுண்டேஷன் கூரைக்குக் கீழ ஓபன்டோஃபு வந்துருச்சு. 2024 மார்ச் 20-ல ரெடிஸ். எட்டாவது நாள் வால்கீ அறிவிப்பு.

நிறுவனங்க சொல்ற நியாயம் ஒண்ணு இருக்கு. நாங்க எழுதறோம், பெரிய மேகக்கணினி நிறுவனங்க அதை அப்படியே எடுத்துச் சேவையா வித்துக் காசு பாக்குறாங்க, எங்களுக்கு என்ன மிச்சம்? பொய் இல்லை. ஆனா இன்னொரு பக்கம் பாருங்க. இலவசமா திருத்தம் அனுப்பினவன், அதை நம்பித் தன் வேலையைக் கட்டினவன், இவங்களைக் கேக்காமலே கதவை மூடறது எப்படி முடியுது?

இங்கதான் நான் தெரிஞ்சுக்கிட்ட நுணுக்கம். எலாஸ்டிக்கும் ஹாஷிகார்ப்பும் திருத்தம் அனுப்பறவங்ககிட்ட முன்னாடியே ஒரு ஒப்பந்தத்துல சம்மதம் வாங்கி வச்சிருந்தாங்க. அதனால எல்லாத்தையும் வேற லைசென்ஸ்ல வெளியிட முடிஞ்சது. ரெடிஸுக்கு அதுகூடத் தேவைப்படலை. அது பிஎஸ்டி லைசென்ஸ், யார் வேணா எடுத்து மூடிக்கலாம், ரெடிஸ் நிறுவனம் உள்பட. லினக்ஸ் கெர்னல்ல மட்டும் ஏன் அப்படி நடக்கலைன்னா, அங்க ஆயிரக்கணக்கான பேர் ஆளாளுக்குத் தன் வரிகளுக்கு உரிமையாளர். எல்லாரும் ஜிபிஎல் இரண்டாம் பதிப்புல குடுத்திருக்காங்க. மாத்தணும்னா அத்தனை பேரையும் தேடிப் பிடிச்சுக் கேக்கணும். 2007-ல மூணாம் பதிப்பு வந்தப்பகூட லினக்ஸ் இரண்டுலயேதான் நின்னுச்சு.

இன்னொண்ணு, ஏற்கெனவே திறந்து வெளியிட்ட பதிப்பைத் திரும்பப் பிடுங்க முடியாது. வால்கீ ஆளுங்க ரெடிஸ் 7.2.4-ஐ எடுத்துக்கிட்டுப் போனாங்க. பேரை மட்டும் மாத்தியாகணும், ஏன்னா பேர் வணிக முத்திரை. எனக்கு வந்த கடிதத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் அங்கதான். என்னால எந்தப் பழைய பதிப்பையும் தூக்கிக்கிட்டு ஓட முடியலை. எலாஸ்டிக் 2024-லயும் ரெடிஸ் 2025-லயும் ஏஜிபிஎல்லைச் சேர்த்துத் திரும்பவும் கதவைத் திறந்துட்டாங்க. போனவங்க எத்தனை பேர் திரும்பி வருவாங்கன்னு பாக்கணும்.

நம்ம ஆளுங்களுக்கும் இது புதுசு இல்லை. எ-கலப்பையை ஞாபகம் இருக்கா? அதோட ஆரம்பகாலப் பதிப்புகள் கீமேன்ங்கற அடுத்தவங்க மென்பொருள் மேல நின்னது. தமிழ் விசைப்பலகை நம்மளோடது, அடியில இருந்த எந்திரம் அவங்களோடது. அப்புறம் தன்னார்வலர்கள் உக்காந்து மூணாம் பதிப்பைப் புதுசா எழுதி ஜிபிஎல்ல வெளியிட்டாங்க. கீமேனை 2015-ல எஸ்ஐஎல் அமைப்பு வாங்கி, பிற்பாடு அதையும் திறமூலமாக்கிட்டாங்க. காத்திருந்தா கிடைச்சிருக்கும்தான். ஆனா அந்தப் பத்து வருஷத்துல தமிழ்ல தட்டச்சினவங்க யாருக்காகவும் காத்திருக்கலை.

இப்ப என் கதைக்கு வர்றேன். மெஷ்ஷுக்கு ஜிமெஷ், கணக்குக்கு ஓபன்ஃபோம், படம் வரையப் பாராவியூ. மூணுமே திறமூலம். ஓபன்ஃபோம் 2004 டிசம்பர்ல ஜிபிஎல்ல வந்தது. அதுலயும் கம்பெனி கைமாறி, ரெண்டு கிளையா பிரிஞ்சு, பேர் ஒண்ணா இருந்து குழப்பும். எந்தக் கிளைக்கான பாடம்னு பாக்காம ஒரு வாரம் தப்பான வழிகாட்டியைப் படிச்சேன். (ஆமா, வாசிக்கலை.) ஆனா ரெண்டு கிளையுமே ஜிபிஎல். யாரும் ராத்திரி மெயில் அனுப்பி மூட முடியாது.

சும்மா சொல்லக் கூடாது, கஷ்டம். பழைய மென்பொருள்ல நாலு பொத்தான் அழுத்தினா வர்ற மெஷ், இங்க நாலு நாள். அஞ்சு வாரம் கழிச்சு, ஏற்கெனவே வெளிய எடுத்த கேஸ்ல ஒண்ணைப் புதுசா ஓட்டிப் பாத்தேன். தூக்குவிசை எண் பழைய விடையோட ரெண்டு சதவீதத்துக்குள்ள வந்தது. பேராசிரியர்கிட்ட காட்டினேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதையும் ஒரு அத்தியாயமா சேர்த்துடு"ன்னார். ஜெர்மன்காரர் பாராட்டு இவ்வளவுதான் இருக்கும்.

அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "நல்லது தம்பி. ஓபன்ஃபோம் லைசென்ஸை வாசிச்சனீரோ?" ன்னார். ஜிபிஎல் மூணு, முழுசா வாசிச்சேன்னு சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மெய்யாவோ? நானே இன்னும் முழுசா வாசிக்கேல்லை" அப்படின்னுட்டு வச்சுட்டார்.

பதினாலாவது கேஸ் இப்ப க்ளஸ்டர்ல வரிசையில நிக்குது. எனக்கு முன்னாடி 6 பேர். சமர்ப்பிக்க இன்னும் 23 நாள் இருக்கு. அப்பாவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது, அவர் இந்தப் பக்கம் வர்றதில்லை. குக்கர் விசில் அடிக்குது, வர்றேன்.